டிகிரி அக்கா சொன்ன ‘ஓடுது’

எங்கள் சோதனைக்கூடத்தில் அவளுக்கு டிகிரி அக்கா என்று பெயர். காலேஜுக்குப் போய் வாங்கிய டிகிரி இல்லை; அவள் படித்தது மூன்று வருட டிப்ளமோதான். சிப்பை மைனஸ் நாற்பது டிகிரியில் விறைக்க வைத்து, அதே சிப்பை நூற்றிருபத்தைந்து டிகிரியில் வறுத்தெடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். நான்காம் மாடியில் பெயருக்குப் பின்னால் இரண்டு வரிக்குப் பட்டம் போட்டுக்கொண்டவர்கள்கூட, “கீழ டிகிரி அக்கா என்ன சொல்றாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறு என்ன சேர்த்து வைத்தாள் அவள்?

நான் அவளுக்குப் பக்கத்து மேசை, பன்னிரண்டு வருடமாக. குடியிருப்பதும் ஒரே கட்டிடம். அவளும் அவள் அம்மாவும் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. ஆகவே நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் கம்பெனி முதலில் வீடியோ கேம் பெட்டிகளுக்குத்தான் சிப் செய்துகொண்டிருந்தது. பிறகு கார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு இரும்பு தெரியும், இன்ஜின் தெரியும், சீட்டுக்குத் தோல் தைக்கத் தெரியும். தானாக ஓடும் காருக்கு மூளை செய்யத் தெரியாது. விளையாட்டில் பறந்து வரும் குண்டுகளை நொடிக்கு நூறு முறை கணக்குப் போட்ட சிப், ரோட்டில் குறுக்கே வருகிறவனையும் கணக்குப் போடாதா என்று எங்களிடம் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் உடனே போடும் என்று தலையாட்டிவிட்டார்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டு, ஆழத்தை அளந்து சொல்லும் வேலையைக் கீழே எங்களிடம் தள்ளினார்கள்.

காரைச் சுற்றி எட்டு கேமராக்கள். எட்டும் அனுப்பும் படங்களைப் பார்த்து இது மனிதன், இது கம்பம், இது கம்பத்தின் நிழல் என்று பிரித்து, பிரேக்குக்குச் சொல்லி அனுப்புவது அந்த சிப்பின் வேலை. உள்ளே இரண்டு பாதி இருக்கும். இரண்டும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடும்; இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் கார் நகரும். “புருஷன் பொண்டாட்டி மாதிரி நெனச்சுக்காத. இதுங்க ரெண்டும் நெஜமாவே ஒத்துப்போகணும்” என்று புதிதாக வருகிறவர்களுக்கு அக்கா சொல்லிக்கொடுப்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், “ஆயிரம் சுற்று சோதிக்கணும்னேன், ஒருத்தனும் ஒத்துக்கல” என்பாள்.

ஆயிரம் சுற்று என்பது எங்கள் விதி. எழுபத்தேழு சிப்புகளைப் பெரிய அலமாரி மாதிரி இருக்கும் பெட்டிக்குள் அடுக்கி, குளிர், சூடு, குளிர், சூடு என்று ஆயிரம் தடவை மாற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு குளிரிலும் சிப்பைத் தட்டி எழுப்பி, ஒரு தெருவின் படத்தை ஓட்டிக் காட்டி, சரியாகப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். எழுபத்தாறு தேறி ஒன்று விழுந்தாலும் மொத்தமும் விழுந்ததாகத்தான் கணக்கு. போன் நின்றுபோனால் திட்டிக்கொண்டே அணைத்துப் போடுவோம். நடுரோட்டில் காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். ஊரெல்லாம் ‘ஓடுது’ என்றால் நல்லபடியாக இருக்கிறது, ‘நின்னுடுச்சு’ என்றால் கெட்டுப்போனது. எங்கள் சோதனைக்கூடத்தில் அது தலைகீழ். ‘ஓடுது’ என்றால் சோதனை இன்னும் முடியவில்லை, என்னிடம் எதுவும் கேட்காதே என்று பொருள். ‘நின்னுடுச்சு’ என்றால் ஆயிரம் சுற்றும் தாங்கி நின்றது, தேறிவிட்டது என்று பொருள். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது அக்காவின் தம்பி.

அவன் அவளைவிட ஒன்பது வயது இளையவன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அவனைப் படிக்க வைத்தவள் அக்கா. எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். முதல் இரண்டு வருடம் எங்கள் கூடத்தில்தான் இருந்தான். சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஆயிரம் சுற்று முடிந்த சந்தோஷத்தில் வராந்தாவில் ஓடிக்கொண்டே, “அக்கா, நின்னுடுச்சு! எல்லாம் நின்னுடுச்சு!” என்று கத்தினான். அந்த வழியாக வந்த டைரக்டர் பெட்டிதான் நின்றுவிட்டது என்று நினைத்து மெயின் சுவிட்சுக்கு ஓடினார். அன்றைக்கு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதிலிருந்து எங்களுக்கு அதுவே பேச்சு வழக்காகிவிட்டது.

நல்ல பையன்தான். இதைச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சலை மட்டும் கொட்டினதாக ஆகிவிடும். பேசினால் எதிராளி சிரித்துவிடுவான். அந்த வாய்க்காகவே அவனை நான்காம் மாடிக்குக் கூட்டிக்கொண்டார்கள். கார் கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்து பேசுகிற வேலை. கல்யாணம் ஆனது, இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன, தனி வீடு போனான். வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்க வருவான். அம்மாவுக்கு அவன் ஒரு கண்ணில் வெண்ணெய்; அக்கா எந்தக் கண் என்று நான் சொல்லவே வேண்டாம்.

அந்த வருடம் கார் கம்பெனி அவசரப்பட்டது. பனி கொட்டும் ஓர் ஊருக்குச் சோதனைக் கார்களைக் கொண்டுபோக வேண்டும், பனிக்காலம் யாருக்காகவும் காத்திருக்காது, முதல் தொகுதி சிப்புகள் உடனே வேண்டும் என்றார்கள். வேறொரு சிப் கம்பெனியும் அவர்கள் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் எங்கள் எழுபத்தேழு சிப்புகளும் எழுநூறாவது சுற்றுக்குப் பக்கத்தில் இருந்தன. ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் தம்பி போன் செய்தான். அக்கா இரண்டு கையிலும் உறை போட்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் எனக்கும் கேட்டது.

“அக்கா, என்னாச்சு நம்ம சிப்பு?”

“ஓடுது.”

“ஓடுதா?”

“ஓடுதுடா. இன்னும் பன்னிரண்டு பதிமூணு நாள் ஆகும். அப்புறம் கேளு.”

அவ்வளவுதான் பேச்சு. மதியம் அவன் கார் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பினான். எங்கள் சோதனைக்கூடத் தலைமை, சிப்புகள் நன்றாக ஓடுவதாக உறுதி செய்துள்ளார் என்று அதில் எழுதியிருந்தான். அந்த மெயில் அக்காவுக்கு வரவில்லை. அடுத்த வாரமே நூற்று இருபது சிப்புகள் பெட்டி கட்டிப் போய்விட்டன. முன்னோட்டத்துக்கு அனுப்புவது வழக்கம்தான் என்பதால் நாங்கள் ஒன்றும் நினைக்கவில்லை.

எண்ணூற்று எழுபதாவது சுற்றில் மூன்று சிப்புகள் விழுந்தன. மைனஸ் முப்பதுக்குக் கீழே விறைத்துக் கிடந்து எழுந்த முதல் சில நிமிடங்களில், உள்ளே இருக்கும் இரண்டு பாதிக்கும் விடை ஒத்துப்போகவில்லை. உடனே சிப் தன்னைத்தானே அணைத்து மறுபடி எழுந்தது. ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல், ஒன்று புள்ளி இரண்டு நொடி. அந்த நேரத்துக்கு எட்டு கேமராவும் குருடு. மற்ற எழுபத்து நான்கும் சமர்த்தாக இருந்தன. அக்கா அந்த மூன்றையும் வெளியே எடுத்தாள், வேறு சர்க்யூட் போர்டில் மாட்டினாள், மறுபடி குளிர வைத்தாள். மூன்று நாளைக்கு இதே வேலை. மூன்றும் அதேபோல் கண்ணை மூடின.

“இது போர்டு கோளாறு இல்லடி. சிப்புதான்” என்றாள் என்னிடம்.

விதிப்படி உடனே ஹோல்டு தாள் அனுப்ப வேண்டும். அதை அனுப்பினால் ஒரே நேரத்தில் தரப் பிரிவுக்கும் கார் கம்பெனிக்கும் போகும். அனுப்பிய அடுத்த நிமிடம் அந்த நூற்று இருபது சிப்பையும் யாரும் தொட முடியாது. அக்கா தாளை எழுதி முடித்தாள். அனுப்புவதற்கு முன்னால் நான்காம் மாடிக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். தம்பியாக இல்லாமல் வேறு எவனாவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவள் மாடிப்படி ஏறியிருக்கவே மாட்டாள்.

அவன் என்ன சொன்னான் என்று அவளே வந்து என்னிடம் சொன்னாள். “அக்கா, ரெண்டு நாள் குடு. நானே அவங்களப் பார்த்து நேர்ல சொல்லிடறேன். உன் ஷீட்டு முன்னாடி போயிட்டா, இவனுக்கே தெரியாம போச்சான்னு என்னைக் கேவலமா பார்ப்பாங்க. ரெண்டே ரெண்டு நாள்.”

“அனுப்பிடுங்க அக்கா” என்றேன் நான்.

“ரெண்டு நாள்ல குளிர் ஓடிப்போயிடுமா? அவன் பேச்சு கெட்டுப்போகக் கூடாது” என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் அவனே கீழே வந்தான். எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்திருந்தான். “சொல்லிட்டேன் அக்கா. பனி ஊருக்குப் போற காரை நிறுத்திட்டாங்க. மாத்துச் சிப்பு எப்ப தருவீங்கன்னு கேட்கறாங்க. அதுக்கு ஒரு தேதி போட்டு, உன் ஷீட்டையும் அதோட சேர்த்து அனுப்பிக்கலாம். அதுவரைக்கும் அப்படியே வையி” என்றான். அக்காவுக்கு உயிர் வந்தது. அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தாள் அவள் கம்ப்யூட்டரில் அனுப்பாமலே கிடந்தது.

பதினோரு நாள் கழிந்தது. டீ மிஷின் பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் கேட்டோம். பனி ஊரில் ஒரு சோதனைக் கார், காலையில் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து கிளம்பி, வாசல் தடுப்பை இடித்துக்கொண்டு பக்கத்துக் கம்பத்தில் மோதியிருக்கிறது. உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, அதாவது ஓட்டாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கும் அந்த மனிதருக்கு, கை முறிந்துவிட்டதாம். அவர் கவனிக்காமல் இருந்துவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

“எந்தக் காரு?” என்று கேட்டாள் அக்கா.

“நம்ம சிப்பு போட்டதுதான்.”

“அதைத்தான் நிறுத்திட்டாங்களே?”

“யாரு நிறுத்தினா?” என்றான் அந்த இருவரில் ஒருவன்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள் என்று சொல்ல மாட்டேன். அவள் விழுகிற ஆள் இல்லை. ஆனால் அந்தக் கை மைனஸ் நாற்பது பெட்டியிலிருந்து வந்தது மாதிரி இருந்தது. மேசைக்கு வந்ததும் முதல் காரியமாக ஹோல்டு தாளை அனுப்பினாள். கம்ப்யூட்டர் அதன்மேல் அன்றைய தேதியைக் குத்தியது. விபத்துக்கு அடுத்த நாள் தேதி.

பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மாடிக்குப் போனாள். மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவன் இவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். இதைச் சொல்லும்போதுதான் அக்கா முதல் தடவையாக அழுதாள். “திருப்பிக்கிட்டான்டி” என்றாள்.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்னால் எல்லோரையும் எழுதித் தரச் சொன்னார்கள். தம்பி எழுதிக்கொடுத்தது எங்கள் காதுக்கும் வந்தது. ‘சோதனைக்கூடத்தில் கேட்டேன். ஓடுகிறது என்றார்கள். மூன்று சிப்புகள் விழுந்த விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகுதான் தாள் வந்தது.’ நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வார்களே, அதை இவ்வளவு சுத்தமாக, நான்கே வரியில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் செய்து நான் பார்த்ததில்லை.

அவன் சொன்னதை நம்பினால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும். அவள் வேலை போகும். பத்தொன்பது வருடப் பெயரும் கூடவே போகும். அதைவிட, சிப் நல்ல சிப் ஆகிவிடும். விழுந்த மூன்றும், தவறை மறைக்க அவள் பிறகு கிளப்பிய கதை என்பார்கள். கை முறிந்த டிரைவர் தூங்கினார் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டு, மிச்சக் கார்களையும் குளிரில் விடுவார்கள். “அடுத்த தடவை கம்பமா இருக்காதுடி” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் வீட்டில் இருந்தேன். அம்மா டீவியை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். தம்பி பகலில் வந்து போயிருக்கிறான், அக்கா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.

“அவன் அழறான்” என்றாள் அம்மா.

“என்கிட்ட வந்து அழச் சொல்லும்மா.”

“ஏதோ பயத்துல சொல்லாம விட்டுட்டான். யானைக்கும் அடி சறுக்கும். நாளைக்கு நீ, நான்தான் தப்பா சொல்லிட்டேன், சொல்ல மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன்னைத் திட்டுவாங்க, அவ்வளவுதான?”

“வேலையை விட்டு அனுப்புவாங்கம்மா.”

“அனுப்பினா என்ன? உனக்குப் புள்ளையா குட்டியா? நானும் நீயும்தான். அவனுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு. நீ வளர்த்த பையன்தான அவன்? உனக்குச் சதை ஆடலையா?”

“அந்த டிரைவருக்கும் ஒரு அம்மா இருப்பாம்மா” என்றாள் அக்கா.

“அவ எனக்கு யாரு?” என்றாள் அம்மா.

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மாடியேறி என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குமேல் அங்கே இருந்திருந்தால் பெரியவள் என்றும் பார்க்காமல் ஏதாவது சொல்லியிருப்பேன்.

விசாரணைக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் எங்கள் ஆட்கள். இரண்டு பேர் கார் கம்பெனி. அந்த இருவரில் ஒருத்தி பாதுகாப்பு அதிகாரி. முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெரிய பெண்மணி. தம்பி ஒரு பக்கம், அக்காவும் சாட்சிக்கு நானும் எதிர்ப்பக்கம். அவன் புதுச் சட்டை போட்டிருந்தான். அக்காவின் பக்கம் ஒரு தடவைகூடப் பார்வையைத் திருப்பவில்லை.

“மேடம், நீங்க போன்ல ‘ஓடுது’ன்னு சொன்னீங்களா, இல்லையா?” என்று தொடங்கினார் எங்கள் டைரக்டர்.

“சொன்னேன்” என்றாள் அக்கா. “அதுக்கு முன்னாடி, எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் கீழ வரணும். சிப்பைப் பார்த்துட்டு அப்புறம் என்னைக் கேளுங்க.”

டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் குட்டை முடிப் பெண்மணி எழுந்துவிட்டாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். அக்கா காலையிலேயே வந்து அந்த மூன்றில் ஒரு சிப்பைப் பெட்டிக்குள் போட்டு விறைக்க வைத்திருந்தாள். எல்லோரும் திரைக்கு முன்னால் கூடினோம். சிப்பை எழுப்பினாள். திரையில் ஒரு தெரு ஓடியது. ஓரத்தில் ஒரு ஆள் பை தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கக் காலை எடுத்து வைத்தான். சிப் அவனைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டது. காரின் வேகம் மெல்லக் குறைந்தது. நான்கு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. படம் திரும்பத் திரும்ப ஓடியது. டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். ஐந்தாவது தடவை அந்த ஆள் காலை எடுத்து வைத்தபோது கட்டம் மறைந்தது. திரை முழுக்கக் கருப்பு. மறுபடி படம் வந்தபோது அவன் காருக்கு நேர் முன்னால் நின்றிருந்தான்.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டாள் குட்டை முடிப் பெண்மணி.

“ஒண்ணு புள்ளி ரெண்டு நொடி. அம்பது கிலோமீட்டர் வேகத்துல பதினேழு மீட்டர் போயிடும்.”

அந்தப் பெண்மணி கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பார்த்தாள். எங்கள் கூடம் பதினேழு மீட்டர் வராது. “இதை எப்ப கண்டுபிடிச்சீங்க?” என்றாள். அக்கா தேதியைச் சொன்னாள். சிப்பை மறுபடி மறுபடி சோதித்த மூன்று நாளின் பதிவும் பெட்டியிலேயே இருந்தது, விபத்துக்கு இரண்டு வாரம் முந்தைய தேதியோடு. பெட்டிக்குத் தம்பியும் கிடையாது, அம்மாவும் கிடையாது.

“அப்ப ஏன் உடனே தாள் அனுப்பல?”

“இவர் ரெண்டு நாள் கேட்டார். குடுத்தேன். அது என் தப்பு. அப்புறம், சொல்லிட்டேன், காரை நிறுத்திட்டாங்கன்னார். நம்பிட்டேன்.”

அவன் அப்படிச் சொன்னதை நானும் கேட்டேன் என்றேன்; பக்கத்து மேசைக்காரி என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பியை ‘இவர்’ என்று அவள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். டைரக்டர் அவன் பக்கம் திரும்பினார். அவன் நிதானமாகத்தான் பேசினான். “எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான் சார். நான் கேட்டேன், ‘ஓடுது’ன்னாங்க. ஓடுதுன்னா நல்லா இருக்குன்னுதான உலகத்துல எல்லாரும் எடுத்துப்பாங்க?”

“எங்க கூடத்துல அப்படி இல்ல” என்று நான் குறுக்கே பேசி, தலைகீழ் வழக்கத்தைச் சொன்னேன்.

“நீங்களும் இங்க ரெண்டு வருஷம் இருந்தீங்களே, உங்களுக்கு இது தெரியாதா?” என்று அவனைக் கேட்டாள் குட்டை முடிப் பெண்மணி.

“தெரியாதுங்க. நான் இருந்தப்ப அப்படி ஒரு பேச்சே இல்ல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அக்கா என் முழங்கையை அழுத்தினாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்கூட அவன் நிமிர்ந்து, ‘அக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பேசாமல் இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். சிப் விஷயம்தான் வெளியே வந்துவிட்டதே, மிச்சத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருப்பாள். அவன் சட்டைக் கைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“அந்தப் பேச்சை உண்டாக்கினதே இவர்தான்” என்றாள் அக்கா. “அன்னைக்கு டைரக்டர் சார் மெயின் சுவிட்சுக்கு ஓடினாரே, அவருக்கே ஞாபகம் இருக்கும்.”

டைரக்டர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போனது. ஞாபகம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நூற்று இருபது சிப்பும் திரும்பி வந்தன. உள்ளே எந்த இடத்தில் கோளாறு என்று வடிவமைப்புக்காரர்கள் இரண்டு மாதம் தேடிக் கண்டுபிடித்து மாற்றினார்கள். டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். தம்பியை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். கம்பெனிப் பத்திரிகையில் ‘எங்களுக்குப் பாதுகாப்பே முதல்’ என்று ஒரு பக்கம் வந்தது. அதில் டைரக்டர் எங்கள் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். அதன் கதவை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. அக்கா பெயர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. விதிப்படி தாள் அனுப்பாததற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது.

அதற்கெல்லாம் அவள் வருத்தப்படவில்லை. விசாரணை முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மாவின் அலமாரி காலியாக இருந்தது. மகன் வந்து கூட்டிப் போய்விட்டான். அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் பார்த்தாள். அம்மாவுக்கு இதயப் பரிசோதனைக்கு நாள் நெருங்கியது; ஆஸ்பத்திரி ஃபைல் முழுக்க அக்காவிடம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வரலாம், நீயும் வாடி என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் கிளம்பினாள். ஃபைலோடு, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டையையும் பையில் வைத்திருந்தாள். வழியில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தாள். “நேர்ல பார்த்தா அம்மாவுக்குக் கோபம் நிக்காது” என்றாள்.

கதவைத் திறந்தது அம்மாதான். கொஞ்சம் இளைத்திருந்தாள். அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்து மருமகள், “யாரு அத்தை?” என்று கேட்டாள். அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“யாரோ ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க.”

அக்கா பையை நீட்டினாள்.

“ஆமாங்க, ஆபீஸ்ல இருந்துதான். இதை உங்ககிட்ட குடுத்துட்டு வரச் சொன்னாங்க” என்றாள்.

அம்மா கை நீட்டவில்லை. அக்கா பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.